பச்சைச் சட்டைக்காரனும் பழைய மதர்போர்டும்

ஜூலை 20, ஞாயிறு

இந்த டைரி இரண்டு வருஷத்துக்கு முந்தையது. எங்கள் அச்சகத்தில் மிஞ்சிப்போனது. தேதிகள் சரி, கிழமைகள் தப்பு. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சடித்த கிழமையை அடித்துவிட்டுச் சரியானதைப் போட்டுக்கொள்கிறேன். சிவகாசியில் முப்பது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அச்சுக் கோர்த்துப் பிழை பார்க்கிற கை இது. எழுதுவதற்கு முன்னால் எதையாவது அடித்தால்தான் அதற்குத் திருப்தி.

விஷயம் என்னவென்றால், என் கம்ப்யூட்டருக்குக் கெடு வைத்துவிட்டார்கள்.

நாலு மணிக்கு வழக்கம்போல விளையாட்டைத் திறந்தேன். திரை நடுவில் ஒரு கட்டம். ஆகஸ்ட் இருபதோடு சரி, அதற்குப் பிறகு இந்த விளையாட்டு பழைய விண்டோஸில் ஓடாதாம். புதிய விண்டோஸ் போடலாம் என்றால், அதற்கு என் கம்ப்யூட்டர் லாயக்கில்லையாம். அதையும் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார்கள். பெண் பார்க்க வந்துவிட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்" என்று எழுந்து போவார்களே, அந்த மரியாதை.

பன்னிரண்டு வயது அதற்கு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மூன்று கோடை ஆகிறது. உள்ளே காற்றுப் போக எதிரில் ஒரு டேபிள் ஃபேன். கிளம்பும்போது கிரைண்டரில் கல் மாட்டிய மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒரு இருமல், பிறகு படம். ஐம்பத்தொரு வயதில் நானும் காலையில் அதே வரிசையில்தான் எழுந்திருக்கிறேன்.

விளையாட்டு ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. ஆற்றுப் பாலம் ஒன்று. அதை இரண்டு சிப்பாய்கள் காக்க வேண்டும். நான் நீலச் சட்டை. என் கூட்டாளி பச்சைச் சட்டை. பேச வசதி இருக்கிறது. ஆனால் என் கம்ப்யூட்டரில் மைக் சொருகும் ஓட்டை எப்போதோ செத்துவிட்டது. அதனால் கீபோர்டுச் சாவிகளில் இருக்கிற நாலே நாலு சைகைகள்: உதவி, நன்றி, பின்வாங்கு, நான் காவல் நிற்கிறேன்.

டீ கொண்டுவந்த மாரித்தங்கம் டம்ளரை வைத்துவிட்டுப் பின்னாலேயே நின்றாள்.

"அந்தப் பச்சைச் சட்டைக்காரன் யாருங்க?"

"யாரோ. உலகத்துல எங்கயோ இருக்கான்."

"வாராவாரம் அதே ஆளுதான வாரான்."

"வேலைவெட்டி இல்லாதவனா இருப்பான்."

"அப்ப உங்களுக்கு ஏத்த கூட்டாளிதான்" என்றாள். பச்சைச் சட்டை பாலத்தைக் கடக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள்.

ஜூலை 21, திங்கள்

கெடுவை மறந்துவிட முடிவு செய்தேன். மூன்று தரம் முடிவு செய்தேன்.

ஜூலை 23, புதன்

ஜோதிமுத்து கடைக்குப் போனேன். ஊரில் பாதிக் கம்ப்யூட்டர்களுக்கு அவர்தான் வைத்தியர். கடையில் எல்லாமே ஒரிஜினல், மீசையின் நிறம் தவிர. தலை நரைத்து மீசை மட்டும் கறுத்த மனிதரிடம் பழசைக் காப்பாற்றுவது பற்றி யோசனை கேட்கலாம் என்றுதான் போனேன்.

கேபினெட்டைத் திறந்தவர், விரலால் உள்ளே புழுதியைத் தொட்டுப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது கம்ப்யூட்டர் இல்ல. ஞாபகார்த்தம்."

"ராம் மட்டும் கூட்டிப் போட்டா ஓடாதா?"

"கூட்டலாம். ஆனா புது விண்டோஸுக்குப் போர்டுலயே ஒரு பாதுகாப்புச் சில்லு வேணும். உங்க போர்டுக்குப் பிறவியிலயே அது கிடையாது."

"அப்ப போர்டை மட்டும் மாத்துங்க."

"போர்டு மாத்தினா பழைய பிராசஸர் உக்காராது. பிராசஸர் மாத்தினா பழைய ராம் சொருகாது. எல்லாத்தையும் மாத்திட்டு இந்தப் பவர் சப்ளைய விட்டா, இது ஒருநா போகும்போது புதுசையும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிரும்."

"அப்ப என்னதான் மிஞ்சும்?"

"கேபினெட்டும் நீங்களும்."

சொத்தைப் பல்லுக்குப் போனவனிடம் தாடையை மாற்று என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் சாயம் உதிரும் போலிருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

மாரித்தங்கத்திடம் "யாரோ" என்று சொன்னதை டைரியிலும் அப்படியே விட்டிருக்கிறேன். பிழை. திருத்தம்: பச்சைச் சட்டைக்காரன் யாரோ இல்லை. அவள் கூடப்பிறந்த தம்பி, என் மச்சினன் அருஞ்சுனை. ஓசூரில் இருக்கிறான். அவனும் நானும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அவளும் அவனும் பேசியும் மூன்று வருஷம்தான்.

பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி மட்டும் நிற்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்டால், பழக்கதோஷம் என்பேன்.

பழக்கம் தொடங்கியது தொண்ணூற்றேழில். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். அவன் பாலிடெக்னிக் படிக்க எங்கள் வீட்டோடு வந்து தங்கினான். அந்த வருஷம்தான் அச்சகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. முதலாளி அதற்குத் தனி அறை கட்டி, ஏசி போட்டு, திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வெல்வெட்டில் உறை தைத்துப் போட்டிருந்தார். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே தும்மக்கூடாது. முதலாளிக்கே அந்த அறையில் உட்கார நாற்காலி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறைச் சாவி என்னிடம். முதலாளி நாலு மணிக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்புவார். நாலு ஐந்துக்கு நானும் அருஞ்சுனையும் செருப்பை வாசலில் விடாமல் கையிலேயே எடுத்துக்கொண்டு உள்ளே போவோம், சாட்சி இருக்கக் கூடாது பாருங்கள். ஆறு ஃபிளாப்பியில் ஒரு கார்ப் பந்தயம். ஐந்தாவது ஃபிளாப்பி எப்போதும் முரண்டு பிடிக்கும்; அருஞ்சுனை அதை வேட்டியில் துடைத்து, ஊதி, கெஞ்சி உள்ளே அனுப்புவான். ஒரே கீபோர்டில் இரண்டு பேர். அம்புக்குறிச் சாவிகள் அவனுக்கு, எழுத்துச் சாவிகள் எனக்கு. திரையில் நடந்த பந்தயத்தைவிடக் கீழே முழங்கைகளுக்குள் நடந்ததுதான் கடுமையான பந்தயம்.

"அத்தான், முழங்கைய எடுங்க, இது கள்ளாட்டம்."

"ரோடு குறுகல் மாப்ள, நான் என்ன செய்ய."

வீட்டுக்கு வந்தால் இரண்டு பேர் சட்டையிலும் ஏசி வாசம் இருக்கும். "எந்தத் தியேட்டர்?" என்பாள் மாரித்தங்கம். நாங்கள் பொய் சொல்லக்கூட ஒத்திகை பார்த்ததில்லை. ஆளுக்கொரு தியேட்டர் சொல்வோம்.

பிறகு அவனுக்கு ஓசூரில் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் சென்னைக்கு வரச் சொன்னான். ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி ஒவ்வொரு பாகமாக வாங்கி, ரயிலில் கேபினெட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் சிவகாசி வந்தோம். டிக்கெட் பரிசோதகர், "அஸ்தியா?" என்ற தோரணையில் பார்த்தார். இங்கே வந்து அவனே தரையில் உட்கார்ந்து பூட்டினான். அவனுக்கொன்று, எனக்கொன்று, ஒரே மாதிரி. அவன் தன்னுடையதை நாலு வருஷம் முன்பே மாற்றிவிட்டான். இனிமேல் ஓசூரிலிருந்தே முழங்கையால் இடிக்கலாம் என்றான்.

இன்று பாலத்தில் எனக்கு அடிபட்டது. அவன் ஓடிவந்து தூக்கினான். ‘நன்றி’ சாவியை அழுத்தினேன். மூன்று வருஷத்தில் ஆயிரம் தரம் அழுத்தியிருப்பேன். அந்தச் சாவியில் எழுத்தே தேய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியிடும் நாள், அதனால் அச்சகத்துக்கு ஞாயிறு கிடையாது. பூஜை, பொங்கல், மும்பை வியாபாரி ஒருவர் இரண்டு அம்மன் படங்களில் எது அதிகமாகச் சிரிக்கிறது என்று என்னிடம் கேட்டது எல்லாம் முடிந்து வீடு வரும்போது ஐந்தே கால்.

அவசரமாகத் திறந்தேன். பச்சைச் சட்டை பாலத்தின் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கவில்லை. வேறு யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒன்றே கால் மணி நேரம்.

நான் நுழைந்ததும் ‘நான் காவல் நிற்கிறேன்’ என்று வந்தது.

என் தரப்பில் ‘மன்னிக்கவும்’ என்று ஒரு சாவி இல்லை. இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு மச்சினன் கிடையாது போல.

ஆகஸ்ட் 6, புதன்

யோசித்த வழிகள்.

சும்மா விட்டுவிடுவது. இருபதாம் தேதி விளையாட்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம். உடம்புக்கு நல்லது. இதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க முடியவில்லை.

செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்குவது. அடுத்தவன் பல்செட்டை வாங்குவது போல.

தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பது. அதற்குள் எட்டுப் பத்து ஞாயிறு போய்விடும். அங்கே ஒருவன் பாலத்தில் நின்றுகொண்டிருப்பான், அல்லது நிற்காமல் போய்விடுவான். எது மோசம் என்று தெரியவில்லை.

இதையெல்லாம் மறைத்துவிட்டு, "கம்ப்யூட்டரை மாத்தணும்" என்று மட்டும் மாரித்தங்கத்திடம் சொன்னேன்.

"ஆடி மாசத்துல யாராவது புதுசு வாங்குவாகளா?"

"ஆடித் தள்ளுபடியில நீ சேலை வாங்கல?"

"சேலைக்கு நாள் நட்சத்திரம் கிடையாது. ஆவணி பொறக்கட்டும்" என்றவள், போகிற போக்கில், "இருபதாம் தேதிக்குள்ள வாங்கிருங்க" என்றாள்.

இருபதாம் தேதியை நான் அவளிடம் சொல்லவே இல்லை. திரையில் பார்த்திருப்பாள். இங்கிலீஷ் படிக்கிற பெண்களைக் கட்டுவதில் இது ஒரு தொந்தரவு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நாலு இருபதுக்குக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கிற ரப்பரால் அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்து, மறுபடி சொருகினேன். இது அருஞ்சுனை சொல்லிக்கொடுத்த வைத்தியம். ரப்பர் இல்லாத பிழைதிருத்துநர் வீடு உண்டா? நாலு நாற்பதுக்கு எழுந்தது. அவன் காத்திருந்தான்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதுரையிலிருந்து மகள் வினோதினி போன் செய்தாள். எந்தப் பிராசஸர் வாங்குவது என்று புலம்பினேன்.

"மாமாகிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிருவாரேப்பா. மூணு வருஷமாச்சுப்பா. அச்சுப் பிழைதான? ஒரு வார்த்தை நேர்ல போய்ச் சொன்னா என்ன?"

"சொல்லிக்கலாம்மா" என்றேன். கரண்ட் போய்விட்டதாகச் சொல்லிப் போனை வைத்தேன். செல்போனுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பிள்ளை.

அந்த அச்சுப் பிழையை எழுதிவிடுகிறேன். வினோவின் கல்யாணப் பத்திரிகையை நானே கோர்த்தேன். எங்கள் பக்கம் தாய்மாமன் பெயர் இல்லாமல் பத்திரிகை கிடையாது. மணமேடையில் மாலை எடுத்துக் கொடுக்கிற கை அது. அதனால் அருஞ்சுனை பெயரைப் பட்டியலில் போடாமல், கடைசியில், நடுமத்தியில், பெரிய எழுத்தில் தனி வரியாக வைத்தேன். எண்ணூறு பத்திரிகை அடித்து வந்தது. அந்த வரி மட்டும் இல்லை.

அவன் போனில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இத்தன வருஷம் ஊர்ப் பிழையெல்லாம் பாத்த கண்ணுக்கு, என் பேரு மட்டும் தெரியலையா அத்தான்?" மாரித்தங்கம் போனைப் பிடுங்கி, "அவருக்கு வெள்ளெழுத்து விழுந்து ஆறு மாசமாச்சுல. வேணும்னா செய்வாரு? மனுசன அப்படிச் சந்தேகப்படுவியா?" என்று எனக்காகத் தம்பியோடு மல்லுக்கு நின்றாள். வார்த்தை தடித்தது. அவன் கல்யாணத்துக்கு வரவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் மாலை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆவணி பிறந்து இரண்டாம் நாள். ஜோதிமுத்துவிடம் முடிவைச் சொன்னேன்: போர்டு, பிராசஸர், ராம், பவர் சப்ளை புதுசு. கிராபிக்ஸ் கார்டு இருக்கட்டும், அது நடுவில் வாங்கியது. கேபினெட் போகாது.

"கேபினெட்டுல என்ன அண்ணாச்சி இருக்கு? வெறும் தகரம். புதுசுல கண்ணாடி வெச்சு, லைட்டு எரியும்."

"எங்க வீட்டுல லைட்டு இருக்கு."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பூட்டி வந்துவிட்டது. கடையில் பிரிக்கும்போது கூடவே நின்றேன். புழுதியை ஊதியதும் பழைய பவர் சப்ளையின் வயர்களில் சின்னச் சின்னக் காகிதச் சீட்டுகள் ஒட்டியிருந்தது தெரிந்தது. அருஞ்சுனை கையெழுத்து. ‘இது ஹார்டு டிஸ்க்’, ‘இது ஃபேன்’, ‘இதை அத்தான் தொடக்கூடாது’.

ஜோதிமுத்து வாசித்துவிட்டுச் சிரித்தார். "யாரு எழுதினது?"

"யாரோ" என்றேன். இரண்டாம் தரம் இந்தச் சொல்.

ஆகஸ்ட் 20, புதன்

புதுக் கம்ப்யூட்டர் சத்தமே போடுவதில்லை. கிரைண்டர் இல்லை, இருமல் இல்லை, டேபிள் ஃபேனுக்கு வேலை இல்லை. அறை இவ்வளவு அமைதியாக இருந்தால் மனிதனுக்கு வேண்டாத நினைப்பெல்லாம் வருகிறது.

பதினாலாம் தேதி எழுதியதை எடுத்து வாசித்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. ‘அச்சுப் பிழை’ என்ற சொல்.

கம்ப்யூட்டர் திரையில் எழுத்துகளை ஒரு பெட்டிக்குள் வைத்துத்தான் கோர்ப்போம். பெட்டியைச் சுருக்கினால் கடைசி வரி உள்ளே ஒளிந்துகொள்ளும். ஓரத்தில் சிவப்பாக ஒரு சின்னக் குறி மட்டும் தெரியும். சம்பந்தியின் தம்பி பெயருக்குப் பின்னால் மூன்று பட்டம் சேர்க்கச் சொன்னார்கள். இடம் பண்ணப் பெட்டியைச் சுருக்கினேன். அதுவரை பிழைதான்.

இரண்டாம் புரூஃபைத் திரையில் சரிபார்க்கும்போது அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்தேன்.

இரண்டு நாள் முன்னால்தான் நிச்சயதாம்பூலம். அதில் சம்பந்தி வீட்டார் முன்னால் அருஞ்சுனை சிரித்துக்கொண்டே, "எங்க அத்தானுக்கு உத்தியோகம் விளையாட்டு, பொழுதுபோக்குத்தான் அச்சகம். மாப்பிள்ள பாக்கச் சொன்னா மவுஸ் பாத்துட்டு வருவாரு" என்றான். சம்பந்தி வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்னை நானே கேலி செய்துகொள்வது எனக்குக் கைவந்த கலை. அடுத்தவன் செய்தால் மட்டும் சுருக்கென்று தைக்கும். அதுவும் ஒரு காலத்தில் நான் அம்புக்குறிச் சாவிகளை விட்டுக்கொடுத்த ஆளே செய்தால்.

பெட்டியை ஒரு விரற்கடை இழுத்திருந்தால் அவன் பெயர் வந்திருக்கும். இழுக்கவில்லை. ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். பத்து நிமிஷம் கழித்து மனசு கேட்காமல் எழுந்தேன். அதற்குள் அச்சடிக்கிற பிளேட் போட்டாயிற்று என்றார்கள். உண்மையில் நான் எழுந்தது பத்து நிமிஷத்தில் இல்லை. மறுநாள்.

எனக்கு வெள்ளெழுத்து கிடையாது. இன்றுவரை கண்ணாடி போட்டதில்லை. அது மாரித்தங்கத்துக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

புதுக் கம்ப்யூட்டரில் முதல் ஆட்டம். ஜோதிமுத்து இனாமாகக் கொடுத்த ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஆற்றுத் தண்ணீரில் மேகம் தெரிகிறது. பன்னிரண்டு வருஷமாக அந்த ஆற்றைச் சாக்கடை என்றே நினைத்திருந்தேன்.

பச்சைச் சட்டைதான் இன்று சரியில்லை. மாரித்தங்கம் பின்னால் உட்கார்ந்து குழாய் ஒழுகுவது, எதிர்வீட்டு நிச்சயம் நின்றுபோனது, வினோவுக்கு ஆறாம் மாதம், மசக்கை இன்னும் தீரவில்லை என்று பேசிக்கொண்டே இருந்தாள். அவன் அவ்வப்போது நடுப் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டான். மூன்று தரம் குண்டு வாங்கினான். உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஹெட்போன் மைக் நுனியில் பச்சை விளக்கு எரிகிறதே, கரண்டு வீண்தானே என்று ஜோதிமுத்துவிடம் கேட்டேன்.

"அது எரிஞ்சா நீங்க பேசறது அந்தப் பக்கம் போகுதுன்னு அர்த்தம் அண்ணாச்சி. பழைய மிஷின்ல இந்தப் பாக்கியம் உங்களுக்கு இல்ல."

"அறையில வேற யாராவது பேசினா?"

"ஈ பறந்தாக்கூடக் கேக்கும். நல்ல மைக்."

ஆக, ஞாயிற்றுக்கிழமை அவன் நின்றது உடம்புக்கு முடியாமல் இல்லை. அக்கா குரல் வந்தபோதெல்லாம் நின்றிருக்கிறான்.

ஆகஸ்ட் 30, சனி

விளக்கை அணைத்துவிட ஒரு பொத்தான் இருக்கிறது. கண்டுபிடித்துவிட்டேன். அழுத்தவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நாலு மணி. அவன் வந்தான். மாரித்தங்கம் பின்னால் தரையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் அடுப்படிக்குப் போகட்டும் என்று இருபது நிமிஷம் காத்திருந்தேன். மூன்று தரம் தண்ணீர் கேட்டேன். செம்பைப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

சரி, இரண்டு பேருக்கும் சேர்த்தே ஆகட்டும்.

"மாப்ள, கேக்குதா? பதில் சொல்ல வேணாம். பத்திரிகையில உன் பேரு விட்டுப்போகல. விட்டேன். ரெண்டாவது புரூஃப்லயே பாத்துட்டேன். ஒரு இழு இழுத்தா வந்திருக்கும், இழுக்கல. நீ சம்பந்தி முன்னால கேலி பண்ணினது உறுத்துச்சு. அவ்வளவுதான். வேற பெரிய காரணம் இருந்தா நல்லா இருக்கும், இல்ல. உங்க அக்காவுக்கும் இது தெரியாது. வெள்ளெழுத்துன்னு அவ எனக்காகப் பொய் சொன்னா. பிழைய மறைக்கிறதாத்தான் அவ நெனச்சா, வேணும்னு செஞ்சதுன்னு அவளுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கது என்னாலதான்."

பச்சைச் சட்டை அசையவில்லை. பாலத்தின் நடுவில் மரம் மாதிரி நின்றது. எதிரிகள் வந்தார்கள். நான் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடி, வருகிறவனையெல்லாம் சுட்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நன்றாக நான் விளையாடியதில்லை. பார்க்க ஆளில்லை. பின்னால் வெங்காயம் உரிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மாரித்தங்கம் எழுந்து வந்தாள். என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். வெங்காயக் கையோடு தன் தலையில் மாட்டிக்கொண்டாள், இடம் வலம் மாற்றி. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்டது இவ்வளவுதான்:

"ஏலே சுனை. அக்காதான்… இவுக புத்திய நான் தனியா வெச்சுக்கிடுதேன். அது கெடக்கட்டும். நீ எங்கல போன? பத்திரிகையில பேரு இருந்தாத்தான் நீ மாமனா?… பேசாத. நான் பேசிக்கிடுதேன். வினோ மாலைக்குக் கழுத்த நீட்டாம வாசலையே பாத்துட்டு நின்னா. அய்யரு மூணு தடவ சொல்லிட்டாரு…"

நீண்ட நேரம் "ம்" என்றாள். பிறகு இன்னொரு "ம்".

"…தெரியாம என்ன. ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு இவுக கூட வந்து நிக்க வேற எவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு? மூணு வருசமா உன்னத்தான் பாத்துட்டு நிக்கேன், முதுகுப் பக்கமா… அழாத. காதுக்குள்ள கொரகொரன்னு கேக்குது."

நீலச் சட்டையைச் சுட்டுவிட்டார்கள். கவனிக்க ஆளில்லை.

செப்டம்பர் 3, புதன்

மாரித்தங்கம் என்னோடு பேசுவதில்லை. திங்கள், செவ்வாய், இன்று. சாப்பாடு வருகிறது, தட்டு வைக்கிற சத்தத்தில் எல்லாம் அடங்கியிருக்கிறது. "உப்புக் கொஞ்சம்" என்றேன். உப்பு ஜாடி முழுவதும் வந்தது. இது நியாயமான தண்டனை என்று என் ஒரு பாதி சொல்கிறது. இன்னொரு பாதி ஹோட்டலில் சாப்பிடுகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஒரு சொல்லும் இல்லை. மூன்று வருஷம் பேசாமல் இருப்பது அவர்கள் குடும்பத்துக்குப் புதிதில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாலு மணிக்கு என் நாற்காலியில் மாரித்தங்கம் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டைத் திறக்க என்னைக் கேட்கவில்லை. எல்லாம் பார்த்துத்தான் வைத்திருக்கிறாள். நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு வழியாகத் திரை தெரிந்தது. அவளுடைய நீலச் சட்டை ஆற்றுக்குள் இடுப்பளவுத் தண்ணீரில் பாலத்துச் சுவரைப் பார்த்து நின்றது. பச்சைச் சட்டை பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பாலத்தை எதிரிகள் பிடித்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு பேருக்கும் அதில் அக்கறையில்லை. அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு தலைமுறை பாக்கியில்லாமல் பேசி முடித்து, வினோ வளைகாப்புக்கு எப்போது கிளம்பி வருகிறான் என்பதில் வந்து நின்றார்கள்.

நான் ஒரே செய்தியை நாலு தரம் வாசித்தேன். அதிலிருந்த இரண்டு பிழைகளைப் பேனாவால் திருத்தினேன்.

அப்போது என் போன் அடித்தது. திரையில் அருஞ்சுனை பெயர். பக்கத்து அறையில் மாரித்தங்கம் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

எடுத்தேன்.

"அத்தான், கேக்குதா? அடுப்புல பருப்புக் கெடக்காம், அடிப்பிடிக்க வாசம் வருதாம். உங்கள எந்திரிச்சு அணைக்கச் சொல்லச் சொன்னா அக்கா."

"சரி மாப்ள" என்றேன்.

போனைக் கையில் பிடித்தபடியே போய் அணைத்தேன். பருப்பு நன்றாகவே அடிப்பிடித்திருந்தது. கரண்டியால் கிளறிவிட்டு, போனைக் காதில் வைத்தேன். அவன் இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.